நிழலை வாசித்தவர்கள்

தமிழ்ச் சிறுகதையில் டாக்டர் வருகிறார், நர்ஸ் வருகிறாள், கம்பவுண்டர்கூட வருகிறார். ரேடியாலஜிஸ்ட் வந்து நான் படித்ததில்லை. எழுத்தாளர்களை இதற்குக் குறை சொல்ல முடியாது. நோயாளியின் அனுபவத்திலேயே அந்த மனிதர் இல்லை. நத்தத்திலிருந்து மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகும் பஸ்ஸில், மடியில் ஒரு பெரிய காகித உறையை மடங்காமல் நிறுத்திப் பிடித்திருக்கும் யாராவது ஒருவரை எந்த நாளும் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் "படம் எடுத்தாச்சா?" என்று கேட்பார். உறையிலிருந்து ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் இருவருமாகப் பார்ப்பார்கள். படம் எடுத்த பையனை அவர்களுக்குத் தெரியும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னவன். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரைத் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தை வாசித்தவரைத் தெரியாது. உறைக்குள் மடித்து வைத்த தாளின் அடியில் ஒரு கிறுக்கலாக மட்டும் அவர் இருக்கிறார்.

'வாசித்தவர்' என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். ஆங்கிலத்தில் அவர்கள் தங்கள் வேலையை வாசிப்பு என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நாம் 'படம் பார்ப்பது' என்கிறோம். பார்ப்பதற்குக் கண் போதும் என்ற தொனி அதில் இருக்கிறது. இந்தப் பக்கங்களில் பிரதி என்றும் வாசிப்பு என்றும் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. வாசிப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் தவறாக வாசித்தால் வேறொருவன் தன் உடம்பால் விலை கொடுக்கிறான். அவர்கள் தங்கள் வாசிப்பைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்று நாம் விசாரித்ததில்லை. அந்தச் சரித்திரத்தில் நம் பக்கத்து ஊர்கள் சில வருகின்றன என்பதும் இதை எழுத ஒரு காரணம்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ரான்ட்கன் அந்தக் கதிர்களைக் கண்டதும், டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படம் எடுத்ததும் பள்ளிப் புத்தகத்துச் செய்திகள். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்துக்கு வாசகன் தேவையில்லை, குழந்தைக்கும் புரியும். முறிந்த எலும்பையும் உடம்புக்குள் தங்கிய துப்பாக்கிக் குண்டையும் தேடிய வரைக்கும் நிலைமை இதுதான். சங்கடம் நெஞ்சைப் படம் எடுக்கத் தொடங்கியபோது வந்தது. முன் விலா, பின் விலா, இருதயம், ரத்தக் குழாய்கள், காறை எலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தளத்தில் விழுகின்றன. ஆழம் முழுவதும் நசுக்கப்பட்டு ஒரு தாளாகிவிடுகிறது. எந்தக் கருமை காற்று, எந்த வெண்மை நோய், எது இரண்டு நிழல்கள் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததால் ஏற்பட்ட மாயம் என்று பிரித்துச் சொல்ல ஒருவன் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பிறந்ததுதான் இந்தத் தொழில்.

சென்னையில் இது ஸ்தாபன வடிவம் எடுத்தது 1934-இல், ஜெனரல் ஆஸ்பத்திரி வளாகத்தில் பர்னார்ட் ரேடியாலஜி நிலையம் திறக்கப்பட்டபோது. கேப்டன் டி. டபிள்யூ. பர்னார்டின் பெயர் அதற்கு. அவருக்குப் பின் டாக்டர் பி. ராமராவ் பொறுப்பேற்றார். இந்தப் பகுதியின் ரேடியாலஜிஸ்டுகள் பலர் நேராகவோ குருபரம்பரையாகவோ அந்தக் கட்டடத்திலிருந்து வந்தவர்கள்.

நத்தத்தில் ஓய்வுபெற்று வசிக்கும் ஒருவருடன் மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்றார். அந்தத் தொழிலுக்குப் பொருத்தமான ஆசைதான். அவர் படித்த காலத்தில் வயிற்றுக் கோளாறுக்குப் பேரியக் கரைசலைக் குடிக்க வைத்து, நோயாளியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, இருட்டில் நேரடியாகப் பார்ப்பார்கள். அந்தத் திரையின் வெளிச்சம் மிகச் சொற்பம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் வேண்டும். ஆகவே வேலைக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். (ஜெர்மானியரான டிரெண்டலன்பர்க் 1916-இல் கொண்டுவந்த உபாயம் இது. இருட்டில் பார்க்க உதவும் கண்ணின் அணுக்களைச் சிவப்பு வெளிச்சம் தொந்தரவு செய்வதில்லை.) "காலையில எட்டு மணிக்குச் சிவப்புக் கண்ணாடியோட வராந்தாவுல நடப்போம் தம்பி. பூரா ஆஸ்பத்திரியும் ரத்தக் கலர்ல இருக்கும். அப்புறம் இருட்டு. மத்தியானம் வெளியே வந்தா வெயில் மூஞ்சியில அடிக்கும். நோயாளி முகம் எப்படி இருக்கும்னு தெரியாது. அவன் சாப்பிட்ட பேரியம் எப்படி இறங்குச்சுங்கறது தெரியும்" என்றார்.

1941-இல் சேம்பர்லின் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் ஒரு சொற்பொழிவில் இந்த வேலையின் அடிப்படையையே கேள்வி கேட்டார். அந்த மங்கலில் கண்ணின் நுண்பார்வைப் பகுதி வேலையே செய்வதில்லை. இருட்டில் பொருளின் உத்தேச உருவத்தை மட்டும் காட்டும் விளிம்புப் பார்வையைக் கொண்டுதான் இத்தனை நாளும் நோய் நிர்ணயம் செய்துவந்திருக்கிறோம் என்று கணக்கோடு காட்டினார். பிம்பத்தைப் பிரகாசமாக்கும் கருவி அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை நாற்பத்தைந்து வருஷம், ஏறக்குறைய குருடர்களாக இருந்தோம் என்பதை அறியாமல், நிச்சயமான குரலில் பேசியிருக்கிறார்கள். அந்த நிச்சயத்துக்காக உயிரும் கொடுத்திருக்கிறார்கள். கதிர்களால் விரல் கருகியும் கை வெட்டப்பட்டும் புற்றுநோயிலும் இறந்தவர்களுக்கு 1936-இல் ஹாம்பர்க்கில் ஒரு நினைவுக் கல் எழுப்பினார்கள். அப்போதே அதில் 169 பெயர்கள்.

*

இனி நம் பக்கத்துக் கதை. 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. ராத்திரி இருமினால், மூச்சு இழுத்தால் கிழவிகள்கூடச் சொல்லும் வார்த்தை. அந்த நோய் ஒரு தனி நோயாக அடையாளம் பெற்றதற்குப் பின்னால் இருப்பது ஒரு தவறான வாசிப்பு.

அன்றைய சென்னை மாகாணத்தில், சித்தூர் ஜில்லா மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் மிஷன்கள் சேர்ந்து 1915-இல் ஒரு க்ஷயரோக சானடோரியத்தைத் திறந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃப்ரிமோட் மெல்லர் அதை நடத்தினார். தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே போவார்கள். மருந்து இல்லாத காலம்; ஓய்வு, காற்று, பால், முட்டை, நுரையீரலைக் காற்றால் அமுக்கும் சிகிச்சை. படத்தில் நிழல் இருந்தால் க்ஷயம், க்ஷயம் என்றால் சானடோரியம். தினை விதையைத் தூவியதுபோல் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள் தெரிந்தால் மிகவும் மோசமான வகை. (அந்த வகைக்கு மருத்துவத்தில் உள்ள பெயரே தினையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். கரந்தமலை அடிவாரத்து விவசாயியும் இதே உவமையைத்தான் சொல்லியிருப்பான்.)

அந்தப் புள்ளிகளோடு வந்தவர்களில் சிலர் சாக மறுத்தார்கள். இருமல் உண்டு, ராத்திரியில் இளைப்பு உண்டு, ஆனால் சளியில் கிருமி இல்லை. மாதக்கணக்கில் பரிசோதித்தும் இல்லை. ரத்தத்தில் மட்டும் இயோசினோஃபில் என்ற வெள்ளணு எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தது. ஃப்ரிமோட் மெல்லரும் பார்ட்டனும் 1940-இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் இதைப் பற்றி எழுதினார்கள். தலைப்பிலேயே, இயோசினோஃபில் பெருக்கத்தோடு வரும் போலி க்ஷயம் என்ற பொருள்படச் சொல்லிவிட்டார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் லான்செட்டில் இதற்கு டிராப்பிகல் இயோசினோஃபீலியா என்று பெயர் வைத்தார். காரணம் தெரிய இன்னும் காலம் பிடித்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வெப், ஜோப், கால்ட் மூவரும் 1960-இல் நோயாளிகளின் நுரையீரலிலும் ஈரலிலும் நிணக் கட்டியிலும் யானைக்கால் வகைப் புழுக்களின் குஞ்சுகளைக் காட்டினார்கள். மதனப்பள்ளிக்கும் வேலூருக்கும் நடுவே நூறு மைல்கூட இல்லை. ஒரு நிழலுக்குச் சரியான பொருள் அந்தத் தூரத்தைக் கடக்க இருபது வருஷம் ஆயிற்று.

இதில் என்னை நிறுத்துவது ஒரு சின்ன விஷயம். சானடோரியம் என்பது ஒரு வாசிப்பை மட்டும் அனுமதிக்கும் இடம். அங்கே வரும் ஒவ்வொரு நிழலும் க்ஷயம் என்ற எதிர்பார்ப்பின் வழியாகத்தான் பார்க்கப்படும். அந்த இடத்தின் தலைவரே, தன் கட்டிலில் படுத்திருப்பவனுக்குத் தன் நோய் இல்லை என்று அச்சில் சொன்னார். நம் இலக்கியச் சானடோரியங்களில் (அவரவர் கொள்கைப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்) இப்படி ஒரு அறிக்கை வெளிவந்ததாக ஞாபகமில்லை. அங்கே அனுமதிக்கப்பட்ட எல்லாப் பிரதிக்கும் அந்த ஸ்தாபனத்தின் வியாதியேதான் இருக்கிறது.

*

இரண்டாம் யுத்தம் முடியும் சமயத்தில் அமெரிக்காவில், திரும்பி வரும் லட்சக்கணக்கான சிப்பாய்களின் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பெரிய ஃபிலிம், சின்ன ஃபிலிம், காகிதம் என்று நான்கு முறைகள் இருந்தன, எது நல்லது? 1,256 பேரை நான்கு முறையிலும் படம் எடுத்து, அனுபவமுள்ள ஐந்து பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். ஐவரில் ஒருவர் மேலே சொன்ன அதே சேம்பர்லின். யெருஷால்மி என்ற புள்ளியியலாளர் கணக்குப் பார்த்தார். முடிவுகள் 1947-இல் வெளியாயின. நான்கு முறைகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் வாசகர்களுக்கு இடையே இருந்த வித்தியாசத்தின் முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒருவர் நோய் என்றதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இன்னொருவர் நோய் இல்லை என்றார். அதுகூடப் பரவாயில்லை; அபிப்பிராய பேதம் மனித சுபாவம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதே படங்களைச் சில காலம் கழித்து அதே ஆளிடம் கொடுத்தபோது, தான் நோய் என்று முன்பு சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே மறுத்தார்.

ஒரு தொழில் தன்னைப் பற்றி இப்படி ஒரு தகவலைத் தானே தேடிக் கண்டுபிடித்து, தானே அச்சிட்டது. இதைத் தொடர்ந்து எழுதியவர் சான்ஃபிரான்சிஸ்கோ ரேடியாலஜிஸ்ட் கார்லண்ட். சகாக்களிடம் அவர் எவ்வளவு செல்வாக்கு இழந்திருப்பார் என்று ஊகிக்கலாம். கொரோனா காலத்தில் எல்லோர் காதிலும் விழுந்த 'சென்சிடிவிட்டி', 'ஸ்பெசிஃபிசிட்டி' என்ற இரண்டு சொற்களையும் நோய் நிர்ணயத்தில் நிலைநிறுத்தியது 1947-இல் யெருஷால்மி இந்தப் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான். நோயுள்ளவனை நோயுள்ளவன் என்று சொல்லும் திறமை ஒன்று. இல்லாதவனை விட்டுவிடும் திறமை வேறொன்று. ஒன்று கூடினால் மற்றது குறையப் பார்க்கும்.

இலக்கியத்தில் இதற்கு ஒரே ஒரு சமமான காரியம் நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த அபத்தங்களை 1929-இல் புத்தகமாகப் போட்டார். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வியாக மட்டும் வந்துபோயிற்று. ஆனால் ரிச்சர்ட்ஸ் சோதித்தது மாணவர்களை. தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை, ஒரு வருஷம் கழித்து அதே கவிதையைத் தானே வாசித்துத் தன் பழைய தீர்ப்போடு ஒத்துப்பார்க்கவில்லை. அந்த அடியை எடுத்து வைத்தவர்கள் ரேடியாலஜிஸ்டுகள்.

வாசிப்பவனிடமிருந்து பெயரை மறைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை என் தொழிலிலிருந்து சொல்ல முடியும். நான் காசோலைகளில் கையெழுத்தை ஒப்பிட்டு 'பாஸ்' செய்கிறவன். மாதிரிக் கையெழுத்து அட்டை முன்பு அலமாரியில் இருந்தது, இப்போது திரையில் இருக்கிறது. எழுபது வயது புளி வியாபாரி ஒருவரின் இன்றைய கையெழுத்துக்கும் அவருடைய மாதிரிக்கும் எழுத்தளவில் உறவே கிடையாது. கை நடுங்குகிறது. ஆனாலும் பாஸாகிறது, ஏனென்றால் கவுண்டருக்கு வெளியே அவர் நிற்கிறார். அவரைத்தான் வாசிக்கிறேன், கையெழுத்தை வாசிப்பதாகப் பதிவு செய்கிறேன். இதே கோடுகள் கிளியரிங்கில் வேறு ஊரிலிருந்து வந்தால் திருப்பி அனுப்பப்படும். நம் பத்திரிகைகளில் கவிதை பிரசுரமாகும் விதம் இதில் எந்த வகை என்று ஆசிரியர்களே சொல்லட்டும்.

1948-இல் முடிவு வெளியான, பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சிலின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் இந்த மறைப்பு பயன்பட்டது. மருந்து பெற்றவன் யார், பெறாதவன் யார் என்று தெரியாத இரண்டு ரேடியாலஜிஸ்டுகளும் ஒரு டாக்டரும் தனித்தனியே படங்களை வாசித்தார்கள். (புதுமைப்பித்தன் க்ஷயத்தால் இறந்தது அதே 1948-இல். சோதனை முடிவு வெளிவந்தபோது அவர் இல்லை.)

நத்தத்து டாக்டரிடம் யெருஷால்மி கணக்கைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. வேலையில் இருந்த காலத்தில் மாதத்துக்கு இருபது படங்களை எடுத்துத் தனியே வைத்து, ஆறு மாதம் கழித்துப் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் திரும்ப வாசித்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, எந்த விதியும் இல்லை. "மூணு நாலு மாறும். பெரும்பாலும் சின்ன விஷயம். ஒரு தடவை காறை எலும்புக்குப் பின்னால ஒண்ணை விட்டிருந்தேன். ஆளைத் தேடி லெட்டர் போட்டேன். ஊர் மாறிப் போயிட்டான்" என்றார். அந்த நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். மாற்றலாகும்போது எடைக்குப் போட்டுவிட்டாராம். ஃபிலிம்களும் அப்படித்தான்: பழைய படங்களை எடைக்கு வாங்கிக் கழுவி வெள்ளி எடுப்பதற்கென்றே வியாபாரிகள் உண்டு. இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களின் நெஞ்சுக்கூடுகள் இவ்விதம் உருக்கப்பட்டுவிட்டன. தப்பியவை கிரகணம் பார்க்கப் பயன்பட்டன. 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் திண்டுக்கல் வழியாகப் போனபோது, கூடாது என்று எச்சரித்தும், தெருவில் யார் யாருடைய நுரையீரலின் ஊடாகவோ சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

சென்னையில் 1956-இல் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஒரு எளிய கேள்வியைக் கேட்டன: மருந்து கிடைத்த பிறகு சானடோரியம் எதற்கு? நகரத்து ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கலைப்போல் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை சானடோரியத்துக்கும் ஒரு பகுதியை அவரவர் குடிசைக்கும் அனுப்பினார்கள். ஒரே மருந்து. இங்கும் படங்களை மதிப்பிட்டவருக்கு எந்த நெஞ்சு குடிசையிலிருந்து வந்தது, எது சானடோரியத்திலிருந்து வந்தது என்பது தெரியாது. ஒரு வருஷம் கழித்து நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. குறைவாகத் தின்று, நெருக்கடியில் படுத்து, வேலைக்கும் போய்க்கொண்டு கிடைத்த 86 அது. முடிவு 1959-இல் வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர் மிச்சமிருக்கிறது.

ரேடியாலஜிஸ்டின் முகமில்லாத தன்மை இந்த இடத்தில் ஒரு நியாயமாக மாறிவிடுகிறது. வைத்தியன் நோயாளியை அறிந்திருக்க வேண்டும் என்பது நாம் மதிக்கும் மனிதாபிமானம். ஆனால் அறிந்தவன் வாசித்திருந்தால் குடிசைக்காரனின் நிழலைக் கூடுதல் கறுப்பாக வாசித்திருப்பான். பரிதாபத்தாலேயே வாசித்திருப்பான். அறியாதவன் வாசித்ததால்தான் குடிசைக்காரன் தன் வீட்டில் இருந்தபடியே பிழைக்கலாம் என்பது நிரூபணமாயிற்று. இந்த முரணை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெளிவாகவில்லை. எழுதியவனின் வாழ்க்கை தெரியாமல் எழுத்தை வாசிக்க முடியாது என்று வாதாடும் நண்பர்கள் இந்த 1956-ஐயும் கணக்கில் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த அடி ரேடியாலஜிஸ்டைச் சிம்மாசனத்திலிருந்தே இறக்கியது. பெங்களூரில் தேசிய காசநோய் நிலையம் 1959-இல் அமைந்தது. ஒற்றைப் படத்தை வைத்துச் செய்யும் நிர்ணயத்தின் எல்லைகளைப் பற்றி ராஜ் நாராயணும் சுப்பிரமணியனும் 1962-இல் எழுதினார்கள். தும்கூர் ஜில்லாவில் பானர்ஜியும் ஆண்டர்சனும் நடத்திய ஆய்வில், நோயாளிகள் அறியாமையில் வீட்டில் கிடக்கிறார்கள் என்ற நகரத்து நம்பிக்கை உடைந்தது. பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள் தாங்களாகவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள், இருமல் மருந்தோடு திரும்பியிருந்தார்கள். ஆகவே 1962-இல் வந்த தேசியத் திட்டம் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதை அடிப்படையாக்கியது. கிருமி தெரிந்தால் தெரிகிறது. அதற்கு வியாக்கியானம் குறைவு. எக்ஸ்ரே ஜில்லாத் தலைநகரத்தில் இருந்துகொண்டது. ஏழை நாட்டுக்கு ஏற்ற, நேர்மையான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

*

இன்றைய வேலை எப்படி இருக்கிறது? டாக்டருக்குத் தெரிந்த ஒரு இளைஞர் திண்டுக்கல்லில் வாசிக்கிறார். இருட்டறை இல்லை, ஏ.சி. அறை, இரண்டு திரைகள். சி.டி. ஸ்கேன் வந்த பிறகு ஒரு நோயாளி ஒரு படம் என்பது போய், ஒரு நோயாளி நூற்றுக்கணக்கான வெட்டுகள் என்றாகிவிட்டது. பகலெல்லாம் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனபின் வேறு ஊர் ஆஸ்பத்திரிகளின் படங்கள் கம்பி வழியாக வருகின்றன. சோர்வு எப்படிப்பட்டது என்று கேட்டேன். கண் வலியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சாதாரணம், சாதாரணம், சாதாரணம்னு நாப்பது தடவை சொன்ன அப்புறம் நாப்பத்தோராவது படத்தையும் அந்த வார்த்தைதான் பார்க்குது அண்ணே, நான் பார்க்கலே" என்றார்.

2013-இல் வெளியான ஒரு பரிசோதனை இதைக் கொடூரமாகக் காட்டியது. நுரையீரல் சி.டி. வெட்டுகளில் சின்னக் கட்டிகளைத் தேடும்படி 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் சொல்லிவிட்டு, அதில் ஒரு கொரில்லாவின் படத்தைச் செருகி வைத்தார்கள். சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரிசு. 20 பேர் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவியின்படி, அவர்களில் பலர் அதை நேராக நோக்கியிருந்தார்கள். தேடுவது ஒன்றாக இருக்கும்போது கண்முன் இருப்பது வேறாக இருந்தால் அது இல்லை. ஒன்று கிடைத்ததும் தேடல் நின்றுவிடும் நோய் இன்னொன்று; அதற்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. அதனால் நல்ல ஆசிரியர்கள் சடங்காக ஒரு வரிசையைப் பழக்குகிறார்கள்: உச்சிகள், காறை எலும்பின் பின்புறம், இருதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, விலா ஒவ்வொன்றாக, கண்ணை இழுக்கும் பெரிய நிழலைக் கடைசியில். நாவல் விமர்சனத்துக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

பிறகு, எழுத வேண்டும். ரிப்போர்ட்டின் பாஷை தனி. 'இருக்கலாம்', 'ஒத்துப்போகிறது', 'இல்லை என்று சொல்வதற்கில்லை', 'நோய்க்குறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்'. மற்ற டாக்டர்கள் இதைக் கேலி செய்வார்கள். தப்பித்துக்கொள்ளும் பாஷை என்பார்கள். சில சமயம் அப்படித்தான். ஆனால் 1947-க்குப் பிறகு கொஞ்சமாவது மனசாட்சியுள்ள வாசகன் வேறு எந்த பாஷையில் எழுத முடியும்?

நிச்சயமாகத் தெரிந்தும் சொல்லக்கூடாத ஒன்றும் இந்த வேலையில் இருக்கிறது. திண்டுக்கல் ஜில்லா 1985-இல் பிரியும்வரை நத்தமும் உசிலம்பட்டியும் ஒரே மதுரை ஜில்லா. உசிலம்பட்டியில் பெண் சிசுக்களைக் கொல்வது பற்றிய செய்தி 1986-இல் நாடு முழுக்கத் தெரிந்தது. கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் பிடித்துக்கொள்ளக்கூடும் என்ற பயத்தில் வந்த சட்டம் 1994-ஐச் சேர்ந்தது. 1996-இல் அமலுக்கு வந்தது. கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் பூர்த்தி செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்று வாயால் மட்டுமல்ல, ஜாடையாலும் சொல்லக்கூடாது. அந்த இளைஞர் ஸ்கேன் செய்யும்போது சிரிப்பதை நிறுத்திவிட்டாராம். சிரித்தால் பையன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிரிக்காவிட்டால் பெண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். யாரிடமும் சிரிக்காமல் இருப்பதுதான் வழி. அவர் முகமே ஒரு பிரதியாகிவிட்டது, அதை வாசிக்க நான்கு உறவினர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

1962-இல் இறக்கிவைக்கப்பட்ட நெஞ்சுப் படம் திரும்பி வந்துவிட்டது. 2019-க்கும் 2021-க்கும் இடையே நாடு முழுக்க நடத்திய காசநோய்க் கணக்கெடுப்பில், படம் எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பியிருப்பார்கள் என்று தெரிந்தது. இருமலே இல்லாத க்ஷயம் அவ்வளவு. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி இப்போது முகாம்களுக்கு வருகிறது. வாசகன் வருவதில்லை. 2021-இல் உலக சுகாதார ஸ்தாபனம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் படத்தை இந்தச் சலிப்பு வேலைக்கு மனிதனுக்குப் பதில் கம்ப்யூட்டரே வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டது. இயந்திரம் 'இருக்கலாம்' என்று எழுதுவதில்லை, மார்க் போடுகிறது. இத்தனை மார்க்குக்கு மேலே போனவர்களிடம் சளி கேட்பார்கள், கீழே உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். கோட்டைத் தாழ்த்தினால் யாரும் தப்பமாட்டார்கள், ஆனால் நோயில்லாத பலர் அலைக்கழிக்கப்படுவார்கள். உயர்த்தினால் செலவு குறையும், சிலர் இருமத் தொடங்கும்வரை காத்திருப்பார்கள். யெருஷால்மி கணக்குப் போட்ட அதே இரண்டு திறமைகள்தான். கோடு எங்கே என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அந்தந்தப் பகுதியில் எத்தனை நோய், எத்தனை பணம், சளியைச் சோதிக்க எத்தனை கருவி என்று பார்த்து அந்தந்தத் திட்டத்தார் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் விதி. முகாமில் வரிசையில் நிற்பவருக்கு அந்த எண் சொல்லப்படுவதில்லை, அவரும் கேட்பதில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள், பிடிக்கிறார்.